அமெரிக்காவில் ஸ்பெஷல் எஜுகேஷன் பிள்ளைகளுக்கு ஸ்கூல் நர்ஸாகப் போக தனி சர்டிபிகேட் வேணுமா?

கலிபோர்னியாவுல அப்படி தனியா ஒண்ணும் கிடையாதுங்க. ஊர்ல பிஎஸ்சி நர்சிங் முடிச்சிட்டு ஹெச்4 விசாவுல (வேலை விசாக்காரங்க குடும்பத்துக்குத் தர்றது) இங்க வந்திருக்கேன்னு போட்டிருக்கீங்க, நானும் இங்க ஸ்கூல் நர்ஸ்தான், அதனால இந்த ஸ்டேட் கணக்கையே சொல்றேன். எல்லா ஸ்டேட்லயும் ஒரே ரூல் இல்ல. டெக்சாஸ்ல ஆர்என், அதாவது ரெஜிஸ்டர்ட் நர்ஸ் லைசென்ஸ் இருந்தாப் போதும், பென்சில்வேனியாவுல கல்வித்துறை சர்டிபிகேட்டும் கேப்பாங்க.

முதல்ல ஆர்என் லைசென்ஸ், பெரிய தலைவலியே இதுதான். லைசென்ஸுக்கான என்க்ளெக்ஸ் பரீட்சை எழுத விடுறதுக்கு முன்னாடி நர்சிங் போர்டு உங்க ட்ரான்ஸ்கிரிப்ட்ட பிரிச்சு மேஞ்சிடும், அதுவும் உங்க காலேஜ்ல இருந்து நேரா போகணும். பீடியாட்ரிக்ஸ், ஓபி (பிரசவம்), சைக்கியாட்ரி எல்லாத்துலயும் தியரி நடந்த காலத்துலயே கிளினிக்கலும் நடந்திருக்கணும்னு பாப்பாங்க. நம்ம ஊர்ல தியரி ஒரு வருஷம் போஸ்டிங் இன்னொரு வருஷம்னு ஓட்டியிருந்தா அந்தப் பாடத்தை இங்க திரும்பப் படிக்கச் சொல்ல வாய்ப்பிருக்கு, அதனால தேதி மணிக்கணக்கு எல்லாம் தெளிவா எழுதி வாங்குங்க.

அடுத்தது ஸ்கூல் நர்ஸ் கிரெடென்ஷியல், இது டீச்சர்களுக்கு கிரெடென்ஷியல் தர்ற அதே கமிஷன் குடுக்குறது. ஆர்என்னும் டிகிரியும் இருந்தா பிரிலிமினரி, அதாவது ஆரம்பக் கிரெடென்ஷியல் கிடைக்கும், நம்ம டிகிரி இங்கத்த டிகிரிக்குச் சமம்தானான்னு எவாலுவேஷன் பண்ணணும். பிரிலிமினரி 5 வருஷம்தான், ரினியூவல் கிடையாது. அதுக்குள்ள ஃப்ரெஸ்னோ ஸ்டேட் மாதிரி எங்கயாவது ஸ்கூல் நர்ஸ் ப்ரோக்ராம் முடிச்சு 2 வருஷ அனுபவமும் காட்டினா கிளியர், அதாவது முழு கிரெடென்ஷியல் கிடைக்கும். வேலை பாத்துக்கிட்டே படிக்கலாம். என்சிஎஸ்என்னு ஒரு நேஷனல் சர்டிபிகேஷன் பரீட்சை இருக்கு, அது கட்டாயம் இல்ல, ரெண்டு மூணு வருஷம் கழிச்சு யோசிங்க.

ஸ்பெஷல் எட் அறிவு வேலையிலதான் வரும். பிள்ளைக்கு சிறுநீர் எடுக்க கதீட்டர் (ட்யூப்) போட்டு விடுறது ஸ்கூல் பொறுப்புதான்னு 1984லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, வென்டிலேட்டர்ல இருக்குற பையனுக்கு நாள் முழுக்க நர்சிங் கேர் குடுக்கணும்னு 1999ல சொன்னாங்க, 2004ல ஸ்பெஷல் எஜுகேஷனுக்கான ஐடிஇஏ சட்டத்துலயே ஸ்கூல் நர்ஸ் சர்வீஸ்னு பேர் போட்டு எழுதிட்டாங்க. அதனால ஐஈபி (ஒவ்வொரு பிள்ளைக்கும் போடுற தனி கல்வித் திட்டம்) மீட்டிங்ல உங்களுக்கும் ஒரு சீட் உண்டு, பிள்ளையோட ஹெல்த் அசெஸ்மென்ட் நீங்கதான் எழுதணும்.

பாதி வேலை எய்டுக்கு, அதாவது கிளாஸ்ல பிள்ளைகளைப் பாத்துக்குற உதவியாளருக்கு ட்ரெயினிங் குடுக்குறதுதான். ஜி-ட்யூப் ஃபீடிங்கையே (வயித்துல போட்ட ட்யூப் வழியா சாப்பாடு குடுக்குறது) எடுத்துக்கோங்க, ட்யூப் வயித்து மேல இருக்குற பட்டன்ல சரியா லாக் ஆகியிருக்கா, சுத்தி சிவந்திருக்கா, தண்ணி விட்டா தடையில்லாம இறங்குதான்னு பாத்து, சிரிஞ்ச அழுத்தாம தூக்கிப் பிடிச்சு அதுவா இறங்க விடணும், அவசரப்பட்டா பிள்ளை வாந்தி எடுத்துடும். எய்டு இதை உங்க முன்னாடி செஞ்சு காட்டணும், நீங்க திருப்தியானாதான் கையெழுத்து. இந்த மாதிரி வேலைய ட்ரெயினிங் எடுத்த ஸ்டாஃப் செய்ய கலிபோர்னியா சட்டம் விடுது, ஆனா சூப்பர்விஷன் உங்களுது, ஏதாவது ஆனா உங்க லைசென்ஸ்தான் முன்னாடி நிக்கும். எய்டுக்கு இன்னும் கை வரலன்னு தோணினா பிரின்சிபலே வந்து அவசரப்படுத்தினாலும் கையெழுத்து போடாதீங்க.

லைசென்ஸ் வர நாளாகும். ஈஏடி (வேலை பாக்குற பெர்மிட்) கையில இருந்தா அதுவரைக்கும் ஏதாவது டிஸ்ட்ரிக்ட்ல ஹெல்த் எய்டா, இல்ல ஸ்பெஷல் எட் கிளாஸ்ல எய்டா சேந்துடுங்க. சம்பளம் கம்மிதான், ஆனா ஐஈபி பேப்பர் எப்படி இருக்கும்னு உள்ள இருந்தே பாத்துடலாம்.