ஞானஸ்நானப் படமும் 90 நாள் கணக்கும்

தம்பி, தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் அமெரிக்காவில் இருக்கும் அண்ணாவின் கவலையும் உங்கள் தலையில். 2016இல் அவருடைய அகதிக் கோரிக்கையைத் தள்ளி நாடுகடத்தும் உத்தரவு போட்டுவிட்டார்கள், பிறகு அவர் ஞானஸ்நானம் எடுத்துப் பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்துவிட்டார், அதைக் காட்டிக் கேஸைத் திரும்பத் திறக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாவிட்டால் இங்கே கூப்பிடலாமா என்றும்.

நான் வக்கீல் இல்லை, சாட்ஸ்வொர்த்தில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். என் மைத்துனர் அங்கே இதே சிக்கலில் மாட்டியதால் அந்தக் காகிதங்களை வரி வரியாகப் படித்தேன்.

அமெரிக்காவில் கேஸைத் திரும்பத் திறக்க, இறுதி உத்தரவு வந்து 90 நாளுக்குள், ஒரு தடவைதான் மனுப் போடலாம். உங்கள் அண்ணாவுக்கு அந்தக் கெடு எப்போதோ போய்விட்டது. மிச்சம் இருக்கும் வழி, பழைய விசாரணைக்குப் பிறகு சொந்த நாட்டின், அதாவது இலங்கையின், நிலைமை மோசமாக மாறிவிட்டது என்று காட்டுவது. இங்கேதான் பலர் இடறுகிறார்கள். மாறியது உங்கள் அண்ணா, நாடு அல்ல. சொந்த வாழ்க்கையில் வந்த மாற்றம் மட்டும் போதாது என்று அங்குள்ள நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. விசுவாசம் உண்மையா என்ற கேள்வியெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மைத்துனர் 14 படங்கள் இணைத்திருந்தார். வெள்ளைச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்ட, போதகர் கையைப் பிடித்தபடி தண்ணீரிலிருந்து எழும்புகிறார். ஊர் நிலைமையைப் பற்றி இருந்தது ஒரே ஒரு தாள். மனு தள்ளுபடி.

மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் 2019 ஏப்ரல் 21 அன்று குண்டு வெடித்ததைச் சொல்லியிருந்தீர்கள். அது மாற்றம்தான். ஆனால் இன்று ஊருக்குப் போனால் இவரை யார், எதற்காகத் தொடுவார்கள் என்று காட்ட வேண்டுமே! சபைகள் மீது கும்பல்கள் பாய்ந்தது 2016க்கு முன்பும் நடந்ததுதான், 'அப்போதும் இதே நிலைதான்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அன்றையதையும் இன்றையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும்.

அங்குள்ள குடிவரவு மேல்முறையீட்டு வாரியமும் மறுத்தால் 30 நாளுக்குள் மேல்நீதிமன்றம் போகலாம். இப்படிப்பட்ட மறுப்பை நீதிமன்றம் பார்க்கலாம் என்று 2010இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆனால் நீதிபதிகள் கேஸைப் புதிதாக விசாரிப்பதில்லை. வாரியம் மனம்போன போக்கில் முடிவெடுத்ததா, கொடுத்த ஆதாரத்தைப் பார்க்காமலே விட்டதா என்றுதான் பார்ப்பார்கள். அப்படித் திருப்பி அனுப்பிய கேஸ்களும் உண்டு. இன்னொன்று, மனுப் போட்டதாலேயே நாடுகடத்தும் விமானம் நிற்காது. தடையுத்தரவு தனியாகக் கேட்க வேண்டும்.

இங்கே கூப்பிடுவதற்குச் 'சரி' சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த ஊரில் மதம் மாறுவது பெரிய விஷயமே இல்லை. என் பக்கத்து வீட்டில் அண்ணன் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறான், தங்கை ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறாள், ஆடிக் கஞ்சி இரண்டு பேருக்கும் ஒரே பானையில். ஆனால் அகதி அலுவலகத்தில் கேட்பது இலங்கையைப் பற்றி. அங்கே கடைசி மறுப்பு வந்தபின் நீதிமன்றத்தில் மறுபரிசீலனை கேட்க 180 நாள்தான் கெடு. என் விசா மறுப்புக் கடிதத்தை ஒரு ஏஜென்ட் ஐந்து மாதத்துக்கு மேல் மேசை லாச்சியில் போட்டு வைத்திருந்தார், கெடுவின் கடைசி வாரத்தில்தான் எனக்கே தெரிந்தது.

அண்ணாவிடம் 2016 தீர்ப்பின் முழுப் பிரதியைக் கேளுங்கள். அதில் இலங்கையைப் பற்றி நீதிபதி எழுதிய பகுதியை முதலில் படியுங்கள். வக்கீலிடம் போகும்போது அந்தப் பக்கங்களை மேலே வையுங்கள், படங்கள் கீழே இருக்கட்டும்.