சாண்டா பார்பரா: குடிக்காத டிரைவரின் பதில்கள்

நண்பர்கள் ஒயின் தோட்டங்களுக்குப் போகும்போதெல்லாம் நிரந்தர டிரைவர் நான்தான் என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடமேற்கே இருக்கும் சாண்டா பார்பராவையும், அதன் முதுகுப்புறம் மலை தாண்டிக் கிடக்கும் சாண்டா இனேஸ் பள்ளத்தாக்கையும் பற்றியவை. நான் மது தொடுவதில்லை. கொள்கை எதுவும் கிடையாது, நாக்குக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பத்து வருடமாக அந்தப் பக்கம் வண்டி ஓட்டுகிறேன் என்ற ஒரே தகுதியில் பதில் சொல்கிறேன்.

மகள் வீட்டுக்கு வந்திருக்கிறோம். சாண்டா பார்பராவும் ஒயின் பள்ளத்தாக்கும் பார்க்கலாம் என்று மகளும் மாப்பிள்ளையும் ஹோட்டல் போட்டுவிட்டார்கள். எனக்கும் என் கணவருக்கும் அந்தப் பழக்கமே இல்லை. நாங்கள் அங்கே போய் என்ன செய்வது?
– ஒரு வாசகி, இர்வைன்

கட்டாயம் போய் வாருங்கள் அம்மா. அவர்களைவிட நீங்கள்தான் அதிகம் பார்ப்பீர்கள். அவர்கள் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

காலையில் முதல் வேலையாக ஊர் நடுவில் இருக்கும் கோர்ட் கட்டடத்துக்குப் போங்கள். கோர்ட் என்றதும் பயப்பட வேண்டாம். 1929இல் கட்டி முடித்த அரண்மனை மாதிரியான கட்டடம், உள்ளே சுவரெல்லாம் வண்ண ஓடுகள். மணிக்கூண்டுக்கு லிஃப்ட் இருக்கிறது, காசு வாங்குவதில்லை. மேலே நின்று சுற்றிப் பார்த்தால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை, நடுவில் வெள்ளைச் சுவரும் சிவப்பு ஓடுமாக ஊர். ஏன் எல்லாக் கட்டடமும் ஒரே சாடையில் இருக்கிறது என்று உங்கள் கணவர் கேட்பார். 1925 ஜூன் 29ஆம் தேதி காலை வந்த பூகம்பம் கடைவீதியைத் தரைமட்டமாக்கியது. திரும்பக் கட்டும்போது எல்லாம் ஸ்பானிய பாணியில்தான் இருக்க வேண்டும் என்று ஊரே முடிவெடுத்துக்கொண்டது. அதனால் பழைய ஊர் போலத் தெரிவதில் பெரும்பகுதிக்கு நூறு வயதுதான். நிஜமாகவே பழையதைப் பார்க்க வேண்டுமென்றால் 1786இல் ஸ்பானியப் பாதிரியார்கள் நிறுவிய மிஷனுக்குப் போகலாம். இப்போது நிற்கும் தேவாலயம் 1820இல் கட்டியது. அதுவும் அந்தப் பூகம்பத்தில் அடிபட்டு, பிறகு சரிசெய்யப்பட்டதுதான்.

அப்புறம் மலை. 101ஆம் நெடுஞ்சாலையில் சுற்றிக்கொண்டு போகாமல் 154இல் ஏறச் சொல்லுங்கள். வளைவுகள் உண்டு. வாந்தி வருகிறவர் என்றால் முன் ஸீட். உச்சியைத் தாண்டியதும் வெயிலும் காற்றும் மாறிவிடும். கீழே இறங்கினால் கச்சூமா ஏரி. அணை கட்டித் தேக்கிய நீர், சாண்டா பார்பராவின் குடிநீருக்கு அதுவும் ஒரு ஆதாரம். இன்னும் கொஞ்சம் போனால் லாஸ் ஆலிவோஸ். தெரு நடுவில் ஒரு கொடிக்கம்பம், அதைச் சுற்றி நாலைந்து தெரு, திரும்பிய பக்கமெல்லாம் ஒயின் சுவைக்கும் கூடங்கள். மகளையும் மாப்பிள்ளையையும் அங்கே இறக்கிவிட்டு நீங்கள் நடக்கலாம். ஆலிவ் எண்ணெயைச் சுவைத்துப் பார்த்து வாங்கும் கடைகளும் அந்தப் பக்கம் உண்டு. அதில் கிடைக்கிற தொண்டைக் காறல்தான் நல்ல எண்ணெய்க்கு அடையாளமாம்.

மாலையில் சோல்வாங். 1911இல் டென்மார்க்கிலிருந்து வந்தவர்கள் அமைத்த ஊர், காற்றாலைகளும் மரச்சட்டம் போட்ட வீடுகளுமாக இருக்கும். கொஞ்சம் பொருட்காட்சி வாடை அடிக்கிறது, எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. ஆனால் ஒரு காரியத்துக்காக நான் எப்போதும் நிறுத்துவேன். ஏப்லஸ்கீவர் என்று ஒரு பண்டம். கடை ஜன்னல் வழியாகப் பாருங்கள்: வார்ப்பிரும்புக் கல்லில் குழி குழியாக மாவு ஊற்றி, ஓரம் வெந்ததும் ஊசியால் குத்தி ஒரு சுற்றுச் சுற்றித் திருப்பிப் போடுவார்கள். நம் பணியாரக் கல்லேதான்! என் மனைவி முதல் தடவை பார்த்தபோது, "குழிக்கு எண்ணெய் பத்தலை" என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று தமிழில் சொன்னாள். மேலே பொடித்த சர்க்கரையும் சிவப்பு ஜாமும். பெயருக்கு 'ஆப்பிள் துண்டுகள்' என்று பொருள், உள்ளே ஆப்பிள் கிடையாது. மாவில் முட்டை உண்டு, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளையிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: ஒரு நாளைக்கு இரண்டு கூடம் போதும். மூன்றாவதில் எல்லா ஒயினும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று என் நண்பர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

கடலில் சூரியன் மறைவதைப் பார்க்க ஜூலையில் சாண்டா பார்பரா மரப்பாலத்தில் இரண்டு மணி நேரம் நின்றோம். சூரியன் ஊருக்குப் பின்னால் போய் மறைந்தது! கலிஃபோர்னியாவில் கடல் மேற்கில்தானே?
– ஏமாந்த குடும்பத் தலைவர், சான் ஹோசே

எல்லோரும் ஏமாறும் இடம் அது ஐயா, நானும் நின்றிருக்கிறேன். கலிஃபோர்னியாவின் கரை பொதுவாக வடக்கு தெற்காக ஓடும். சாண்டா பார்பராவில் மட்டும் கிழக்கு மேற்காகத் திரும்பிவிடுகிறது. நீங்கள் நின்ற ஸ்டர்ன்ஸ் வார்ஃப் (1872இல் கட்டியது) தெற்கே பார்த்த கடலில் இருக்கிறது. கோடையில் சூரியன் வடமேற்கே சாய்ந்து நிலத்துக்குப் பின்னால்தான் விழும். டிசம்பரில் போனால் கடல் பக்கம் இறங்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒயினின் ரகசியமே இந்தத் திருகலில்தான் இருக்கிறது. கரை மட்டும் திரும்பவில்லை, மலைகளும் கிழக்கு மேற்காகத்தான் படுத்திருக்கின்றன. இரண்டு கண்டத்தட்டுகள் உரசியதில் இந்தப் பாறைத்துண்டு கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கடிகார முள் போகும் திசையில் சுழன்று இப்படி வந்து நிற்கிறது என்கிறார்கள் நிலவியல்காரர்கள். மற்ற இடங்களில் மலை குறுக்கே சுவராக நின்று கடல்காற்றைத் தடுக்கும். இங்கே வாசலைத் திறந்து வைத்த மாதிரி. பனிமூட்டம் மேற்கே லோம்போக் பக்கம் நுழைந்து, பள்ளத்தாக்கின் வழியாக நேராக உள்ளே வரும். கடலை விட்டு ஒரு மைல் உள்ளே போனால் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் ஏறும் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு. அதனால் குளிர் விரும்பும் திராட்சை ரகங்களான பினோ நுவாரும் ஷார்டனேவும் மேற்கே, சிரா நடுவில், வெயில் கேட்கும் கபர்னே சோவிஞான் கிழக்கே ஹேப்பி கேன்யனில். ஒரே பள்ளத்தாக்கில், ஒரு மணி நேர ஓட்டத்துக்குள் இத்தனையும். நான் காரின் வெளி வெப்பமானியை வைத்தே எந்தத் திராட்சை என்று சொல்லிவிடுவேன். நண்பர்கள் இதைப் பெரிய வித்தை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடற்கரையில் நடந்து வந்த பிறகு பாதமெல்லாம் கறுப்புத் தார். கப்பலிலிருந்து கொட்டிய எண்ணெயா?
– ஒரு வாசகி, பேக்கர்ஸ்ஃபீல்ட்

பெரும்பாலும் கப்பல் காரணமில்லை. அங்கே கடலடியிலிருந்து எண்ணெய் தானாகவே கசிகிறது, ரொம்பக் காலமாக. அந்த மண்ணின் பூர்வகுடிகளான சூமாஷ் மக்கள் இந்தத் தாரைக் காய்ச்சித்தான் தங்கள் 'டோமோல்' பலகைப் படகுகளின் இடுக்குகளை அடைத்தார்கள். மனிதன் கொட்டியதும் உண்டு: 1969 ஜனவரியில் கடலில் எண்ணெய்க் கிணறு ஒன்று வெடித்துக் கரையெல்லாம் கறுத்தது. மறு வருடம் முதல் புவி நாள் கொண்டாடப்பட்டதற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம்.

சோப்புப் போட்டுத் தேய்த்தால் போகாது. தேங்காய் எண்ணெய் தடவி, இரண்டு நிமிடம் விட்டு, பழைய துணியால் துடையுங்கள். எங்கள் காரில் ஸ்டெப்னி இல்லாவிட்டாலும் அந்தச் சின்ன பாட்டில் இருக்கும்.

ஒயின் சைவமா?
– சும்மா ஒரு சந்தேகம், ஃப்ரீமான்ட்

திராட்சையும் ஈஸ்ட்டும் சைவம்தான். ஆனால் கலங்கலைத் தெளிய வைக்கச் சிலர் முட்டை வெள்ளைக்கருவோ, பால் புரதமோ, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பொருளோ சேர்ப்பார்கள். எதுவும் சேர்க்காமல் விடுபவர்களும் உண்டு. ஊற்றிக் கொடுப்பவரிடம் கேளுங்கள், அங்கே இது வழக்கமான கேள்வி.

அலுவலக நண்பர்களுடன் முதல் முறை ஒயின் டேஸ்டிங் போகிறேன். அசடு வழியாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?
– 26 வயது வாசகர், டோரன்ஸ்

தம்பி, முதலில் பாஸ்போர்ட்டையோ லைசென்ஸையோ எடுத்து வையுங்கள். 21 ஆகவில்லை என்று சந்தேகப்பட்டால் ஒரு சொட்டுகூடக் கிடைக்காது. சென்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள், பக்கத்தில் இருப்பவர் மூக்கைக் கோப்பைக்குள் விட்டுக்கொண்டிருப்பார்.

உட்கார்ந்ததும் ஒரு அட்டை தருவார்கள், ஐந்தாறு ஒயின் பெயர் இருக்கும். வெள்ளையில் தொடங்கிச் சிவப்பில் முடியும். ஒவ்வொன்றிலும் ஒரு அவுன்ஸ் அளவு, அதாவது 30 மில்லி, ஊற்றுவார்கள். கொஞ்சம்தானே என்று தோன்றும். ஐந்து ஊற்றினால் ஒரு முழுக் கோப்பை. இரண்டு கூடம் போனால் இரண்டு கோப்பை. கலிஃபோர்னியாவில் ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதம் வந்துவிட்டால் ஓட்டுவது குற்றம், அதற்குக் கீழே இருந்தாலும் தடுமாறினால் பிடிப்பார்கள். ஓட்டுவதற்கு என்னைப் போல் ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மேஜைமேல் ஒரு சின்ன வாளி இருக்கும். அது எதற்கு என்று தெரியாமல் என் நண்பன் ஒருவன் அதில் டிஷ்யூ பேப்பரைப் போட்டான். வாயில் வைத்துத் துப்பவோ, மீதியைக் கொட்டவோ அந்த வாளி. கொட்டினால் அவர்கள் வருத்தப்படுவார்களோ என்று நினைக்க வேண்டாம், விவரம் தெரிந்தவர்கள்தான் கொட்டுகிறார்கள். எல்லாவற்றையும் மரியாதைக்காகக் குடித்து முடிப்பது விருந்து வீட்டுப் பழக்கம், அங்கே வேண்டாம்.

கோப்பையைச் சுழற்ற வேண்டுமென்றால் அடிப்பாகத்தை மேஜையில் வைத்தபடியே சுழற்றுங்கள். அந்தரத்தில் சுழற்றிச் சட்டையைக் கெடுத்துக்கொண்டவர்கள் பட்டியல் என்னிடம் இருக்கிறது. "செர்ரி வாசனை, ஈர மண் வாசனை" என்று அவர்கள் சொல்வது உங்களுக்கு வரவில்லையென்றால் வரவில்லை என்றே சொல்லிவிடுங்கள். ஒருமுறை ஒரு பெண் புளி வாசனை வருகிறது என்றாள். ஊற்றியவர் மறுக்கவில்லை, புளி என்றால் என்ன என்று விசாரித்துக் குறித்துக்கொண்டார்.

கார் இல்லாமல் முடியுமா?
– ஒரு மாணவி, லாஸ் ஏஞ்சலிஸ்

ஊர்வரை முடியும். யூனியன் ஸ்டேஷனில் பசிபிக் சர்ஃப்லைனர் ரயில் ஏறுங்கள், இரண்டரை மூன்று மணி நேரம். இடது பக்க ஜன்னல். வென்ச்சுரா தாண்டியதும் தண்டவாளம் கடலை ஒட்டியே ஓடும். இறங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பிரம்மாண்டமான அத்தி மரம், நம் ஆலமரத்துக்குப் பங்காளி. 1876இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு மாலுமி ஒரு சிறுமிக்குக் கொடுத்த கன்று என்பது ஊர்க்கதை. வேரின் மடிப்புக்குள் ஆள் ஒளிந்துகொள்ளலாம்.

பள்ளத்தாக்குக்குப் பேருந்தை நம்பிப் போக வேண்டாம். ஸ்டேஷனுக்கும் கடலுக்கும் நடுவில் ஃபங்க் ஸோன் என்ற பகுதியில், பழைய கிடங்குகளுக்குள் பள்ளத்தாக்கு ஒயின்காரர்களே கூடம் திறந்திருக்கிறார்கள். நடந்தே போய் வரலாம்.

எந்த மாதம் நல்லது?
– மூன்று பேர் கேட்டது

செப்டம்பர், அக்டோபர். மே, ஜூனில் ஊர்மேல் மதியம்வரை மூட்டம் போர்த்தியிருக்கும். படம் பிடிக்க வருகிறவர்கள் அழுவார்கள். சனிக்கிழமை தங்கினால் வாடகை கண்ணைக் கட்டும், செவ்வாய் புதன் போங்கள்.

ஊருக்குப் போகும்போது அண்ணனுக்கு இரண்டு பாட்டில் எடுத்துப் போகலாமா?
– ஒரு வாசகர், சான் டியேகோ

இந்தியாவுக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர்வரை சுங்கவரி இல்லை. 750 மில்லி பாட்டில் இரண்டு தாராளமாக அடங்கும். கைப்பையில் விடமாட்டார்கள், பெட்டிக்குள்தான் போக வேண்டும். ஆனால் பெட்டிக்குப் போகும் முன்பே கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஆகஸ்டில் நண்பரின் மூன்று பாட்டிலை டிக்கியில் வைத்துப் பூட்டிவிட்டு, நான் நிழலில் தூங்கிவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் ஒன்றில் கார்க் மேலே தள்ளி, என் மனைவியின் வெள்ளைச் சால்வை ஊதா நிறத்தில் இருந்தது. அதிலிருந்து டிக்கியில் ஐஸ் பெட்டி இல்லாமல் கிளம்புவதில்லை. சால்வையைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்சு வருகிறது.

பத்து வருடம் ஓட்டுகிறீர்கள். ஒருமுறைகூட ஆசை வரவில்லையா?
– ஒரு வாசகர், பாசடீனா

ஒயின்மேல் வரவில்லை. திராட்சைமேல் வந்தது. ஒரு செப்டம்பர் காலை லோம்போக் பக்கம் ஒரு தோட்டத்தின் ஓரமாக வண்டியை நிறுத்திக் காத்திருந்தேன். அறுவடை முடிகிற நேரம். பழம் சூடாகக் கூடாது என்று இரவிலேயே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுவார்கள், விடிந்து கொஞ்ச நேரத்தில் முடித்துவிடுவார்கள். மெக்சிகோக்காரர் ஒருவர் போகிறபோது ஒரு கொத்தை நீட்டினார். பினோ நுவார். என் கைப்பிடி அளவுதான், பழங்கள் நெருக்கியடித்துக்கொண்டு பைன் மரக்காய் மாதிரி. அந்தச் சாயலில்தான் பெயரே வந்ததாம். தோல் மெல்லிசு, விதை கசப்பு, நடுவில் பாகு மாதிரி இனிப்பு. கடையில் வாங்கும் திராட்சை இதன் பக்கத்தில் தண்ணீர்.

ஒரு பழத்தை நசுக்கிப் பார்த்தேன். சாறு சிவப்பாக இல்லை, கிட்டத்தட்ட நிறமே இல்லை. சிவப்பெல்லாம் தோலில் இருக்கிறது. தோலோடு ஊறப்போட்டால்தான் சிவப்பு ஒயின். பத்து வருடம் ஓட்டியும் அன்றைக்குத்தான் எனக்கு அது தெரிந்தது. நண்பர்கள் உள்ளே நின்று பேசிக்கொண்டிருந்த ஒரு மணி நேரத்தில் கொத்து முழுவதையும் தின்று முடித்துவிட்டேன். கை துடைக்க ஒன்றும் இல்லை. லாஸ் ஏஞ்சலிஸ் வரும்வரை ஸ்டீயரிங் ஒட்டிக்கொண்டே வந்தது.