டர்போவை மாற்றும் முன் கிராங்க்கேஸ் அழுத்தத்தைப் பாருங்கள்

கேள்வி: என் கார் 1 லிட்டர் டர்போ பெட்ரோல், டைரக்ட் இன்ஜெக்‌ஷன். 62,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வாரத்துக்கு இரண்டு முறை ஏற்காடு போய் வருகிறேன். இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) பைப்பைக் கழற்றினால் ஆயில் தேங்கி நிற்கிறது. 1000 கி.மீ.க்கு 300 மில்லி வரை குறைகிறது. மலையிறங்கி அடிவாரம் வந்து ஆக்சிலேட்டரை மிதித்தால் நீலப் புகை. ஒரு பட்டறையில் டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் பிரீதர் ஹோஸை (இன்ஜினின் உள்வாயு வெளியேறும் குழாய்) கழற்றி, முனையில் சின்ன ஃபில்டர் மாட்டி வெளியே விட்டுவிடலாம் என்கிறார்கள். கேச் கேன் (வாயுவில் வரும் ஆயிலைப் பிடித்துச் சேர்க்கும் டப்பா) போட்டால் தீருமா? (வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்)

பதில்: இந்த மூன்றில் எதையும் இப்போதைக்குச் செய்யாதீர்கள். ஆயில் எங்கே தெரிகிறது என்பதைவிட, கிராங்க்கேஸுக்குள் (இன்ஜினின் அடியில் கிராங்க் சுற்றும் அறை) அழுத்தம் எவ்வளவு என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். அதை அளக்காமல் டர்போவை மாற்றினால், புது டர்போவும் அதே இடத்தில் ஆயில் கக்க வாய்ப்பு உண்டு.

எந்த இன்ஜினிலும் எரிந்த வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். அதோடு பெட்ரோல் ஆவி, நீராவி, ஆயில் துளிகள் எல்லாம் கலந்திருக்கும். இதை வெளியேற்ற டர்போ இன்ஜினில் இரண்டு வழிகள். ஐடிலிலும் மெதுவாகப் போகும்போதும் இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்) வெற்றிடம் இருப்பதால், பிசிவி வால்வு (கிராங்க்கேஸ் வாயுவைக் கட்டுப்படுத்தி வெளியேற்றும் வால்வு) வழியாக நேராக அங்கே இழுக்கப்படும். பூஸ்ட் (டர்போ காற்றை அழுத்தித் தள்ளுவது) வந்ததும் மேனிஃபோல்டில் அழுத்தம் ஏறிவிடும். உடனே, ஒரு பக்கம் மட்டுமே வழிவிடும் செக் வால்வு மூடிக்கொள்ள, வாயு பிரீதர் ஹோஸ் வழியாக, ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையில் உள்ள பைப்புக்குப் போகும். உங்கள் இன்டர்கூலரில் நிற்கும் ஆயில் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியாக வந்ததாக இருக்கும், இல்லையென்றால் டர்போவின் பேரிங் பக்கத்திலிருந்து கசிந்ததாக இருக்கும்.

ஏற்காட்டு ஓட்டம் இந்த இரண்டு வழிகளையும் ஒரே நாளில் கடுமையாகச் சோதிக்கிறது. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். மேலே போகப் போகக் காற்று மெலிவதால் அதே இழுவையைக் கொடுக்க டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வேகம் குறைத்து மறுபடி மிதிக்கும்போதெல்லாம் பூஸ்ட் ஏறுகிறது, பிரீதர் வழியாக ஆயில் ஆவி போகிறது. இறங்கும்போது நேர்மாறு. செகண்ட் கியரில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு வந்தால் மேனிஃபோல்டில் பலமான வெற்றிடம் நெடுநேரம் நிற்கும். அப்போது வால்வு கைடு சீல் தேய்ந்திருந்தாலும், பிசிவி டயஃப்ரம் (அந்த வால்வின் உள்ளே இருக்கும் மெல்லிய படலம்) கிழிந்திருந்தாலும் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டுச் சேரும். அடிவாரத்தில் மிதித்ததும் அதுதான் புகையாக வருகிறது. தொப்பூர் கணவாயில் இறங்கிப் பார்த்தாலும் இதே புகை வர வேண்டும். ஆக, புகையை மட்டும் வைத்து டர்போவைக் குற்றம் சொல்ல முடியாது.

டர்போவின் பேரிங் பகுதியில் ரப்பர் சீல் கிடையாது. இரு முனையிலும் பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய உலோக வளையங்கள்தான். ஆயில் பிரஷரோடு உள்ளே வந்து, தன் எடையால் மட்டும் டிரெயின் பைப் வழியாகச் சம்புக்கு (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) இறங்குகிறது. கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறினால் இறங்க வேண்டிய ஆயில் தடுமாறி உள்ளேயே நிரம்பும்; வளையங்களைத் தாண்டி ஒரு பக்கம் இன்டேக்கிலும் மறுபக்கம் சைலன்சரிலும் ஒழுகும். டிரெயின் பைப் மடங்கியிருந்தாலும், உள்ளே கார்பன் கட்டியிருந்தாலும், கேஸ்கெட்டுக்கு அப்பிய பேஸ்ட் உள்பக்கம் பிதுங்கி வழியைக் குறுக்கியிருந்தாலும் இதே கதைதான். டர்போ நல்லதாகவே இருந்திருக்கும்.

சோதனையை எளிதானதிலிருந்து தொடங்குங்கள். சமதளத்தில் நிறுத்தி, சூடான இன்ஜினை அணைத்து 5 நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் பாதி விஷயம் அங்கேயே விளங்கிவிடும். கேனில் மிச்சம் வைக்க வேண்டாம் என்று முழுவதையும் ஊற்றிவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. மட்டம் கூடினால் கிராங்க் ஆயிலைக் கலக்கி நுரைக்க வைக்கும், வளைவுகளில் அது பிரீதர் வாய் வரை ஏறும். இரண்டு கோட்டுக்கும் நடுவே, முக்கால் அளவில் இருப்பது மலை ஓட்டத்துக்குச் சரி. அடுத்து ஏர் ஃபில்டர். கருப்பூர் மேக்னசைட் சுரங்கப் பக்கம் தினமும் போகிற கார் என்றால் குறித்த கி.மீ. வரை காத்திருக்காதீர்கள். ஃபில்டர் அடைத்தால் டர்போவின் உறிஞ்சல் முழுவதும் பிரீதர் ஹோஸில் விழுந்து, ஆயிலைத் துளித்துளியாக இழுக்கும்.

பிறகு ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து, வாய்மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளை வையுங்கள். லேசாக உள்ளே ஒட்டினால் நல்லது. மூடியைத் திறக்கவே முடியாதபடி இழுத்துப் பிடித்து, விசில் போலச் சத்தமும் வந்தால் பிசிவி டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. தாள் மேலே தூக்கினால் வழி அடைத்திருக்கிறது, இல்லையென்றால் ரிங் தேய்ந்திருக்கிறது. (மூடியைத் திறந்ததும் இன்ஜின் கொஞ்சம் தடுமாறுவது பல கார்களில் இயல்பு.)

இதைவிடத் துல்லியமாக அளக்கக் கொத்தனார் மட்டம் பார்க்கிற டியூபே போதும். சுமார் 4 மீட்டர் டியூபை ஒரு பலகையில் ‘யு’ வடிவில் கட்டி, ‘யு’வின் இரு கையிலும் (செங்குத்தான இரு பக்கங்கள்) ஒரு மீட்டருக்குக் குறையாத உயரம் விட்டு, அடியில் நிறம் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். இரு கையிலும் 30 செ.மீ. நின்றால் போதும். பழைய ஆயில் மூடி ஒன்றில் துளை போட்டு நிப்பிள் பொருத்தி, டியூபின் ஒரு முனையை அதில் மாட்டி, மறுமுனையைத் திறந்து வையுங்கள். டிப்ஸ்டிக் குழாயில் மாட்டாதீர்கள். சில இன்ஜின்களில் அதன் அடி ஆயிலில் முங்கியிருக்கும், அளவு பொய்யாகும். இரு கைகளுக்கும் இடையே ஒரு செ.மீ. வித்தியாசம் என்றால் ஏறத்தாழ ஒரு மில்லிபார். இன்ஜின் பக்கத்துத் தண்ணீர் ஏறினால் வெற்றிடம், இறங்கினால் அழுத்தம். ஐடிலில் சிறிய வெற்றிடம் இருக்க வேண்டும். எத்தனை மில்லிபார் என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும், சர்வீஸ் மேனுவலில் பார்க்க வேண்டும். 3000 ஆர்பிஎம்மில் நிறுத்தினாலும் அழுத்தப் பக்கம் போகக் கூடாது. தண்ணீர் விறுவிறுவென்று இன்ஜின் பக்கம் ஏறினால் உடனே கழற்றிவிடுங்கள், உள்ளே போய்விடும்.

வெற்றிடம் அளவுக்கு மீறி இருந்தால் பிசிவி பாகத்தை மாற்றுங்கள். இப்போது வரும் இன்ஜின்களில் அது பெரும்பாலும் ஆயில் செபரேட்டரோடு ஒரே பாகமாக, அல்லது டேப்பெட் கவரிலேயே சேர்ந்து வருகிறது. டர்போ விலையோடு ஒப்பிட்டால் சிறு செலவு. அழுத்தம் காட்டினால் ஹோஸ்களைக் கழற்றி அடைப்பு பாருங்கள். செக் வால்வை வாயால் ஊதினால் ஒரு பக்கம் மட்டுமே போக வேண்டும். இரு பக்கமும் போனால் பூஸ்ட் நேரே கிராங்க்கேஸுக்குள் இறங்குகிறது. டிப்ஸ்டிக் தானே எழும்புவதும் கிராங்க் ஆயில் சீல் ஒழுகுவதும் அதனால்தான். இவையெல்லாம் சரியாக இருந்தும் அழுத்தம் குறையவில்லை என்றால் லீக்-டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் காற்றை அடைத்து, எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பது) செய்யச் சொல்லுங்கள். 10 சதவீதத்துக்குள் நல்லது; 20-ஐத் தாண்டி, ஆயில் மூடி வழியாகக் காற்று சீறும் சத்தமும் கேட்டால் ரிங் வேலை. டர்போ ஷாஃப்ட்டை ஆட்டிப் பார்ப்பதும் டிரெயின் பைப்பைக் கழற்றிப் பார்ப்பதும் இதற்குப் பிறகுதான்.

பிரீதரை வெளியே விடும் யோசனையை நான் உறுதியாக மறுக்கிறேன். பூஸ்டில் வாயுவை இழுத்துக்கொண்டிருந்த உறிஞ்சல் போய்விடும். கிராங்க்கேஸ் அழுத்தம் குறைவதற்குப் பதில் கூடும். ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள காரில் அளக்கப்படாத காற்று பிசிவி வழியாக நுழைந்து கலவை மெலியும். சூடான எக்ஸாஸ்ட் அருகே ஆயில் படிவது தீ ஆபத்து. பாரத் ஸ்டேஜ் விதிகளும் பெட்ரோல் காரின் கிராங்க்கேஸ் வாயுவை வெளியே விட இடம் தருவதில்லை.

எல்லாம் சீராகி, அளவும் நல்லதாக வந்த பிறகு, மலையில் அடிக்கடி ஓட்டுகிறவருக்குக் கேச் கேன் பயன் தரும். பிரீதர் பாதையில் வைத்து, வாயுவைத் திரும்ப டர்போ வாயிலேயே சேர்க்கும் மூடிய வகைதான் வாங்க வேண்டும். வெறும் டப்பாவால் பயனில்லை. உள்ளே தடுப்புத் தகடும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலையும் இருக்க வேண்டும். அரை லிட்டர் கொள்ளளவு போதும். நிப்பிளின் உள்விட்டம் அசல் ஹோஸைவிட ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையக் கூடாது. ஹோஸ் நைட்ரைல் போன்ற ஆயில் தாங்கும் ரப்பராக இருக்கட்டும். ரேடியேட்டர் ஹோஸ் ஆயிலில் ஊறி உப்பும், சாதாரண சிலிக்கான் வேர்க்கும். கேனை எக்ஸாஸ்ட்டிலிருந்து தள்ளி, காற்றுப் படும் இடத்தில், ஹோஸில் எங்கும் தொய்வு இல்லாமல் மாட்டுங்கள். வாரண்டி மிச்சம் இருந்தால் முதலில் ஷோரூமில் கேட்டுவிடுங்கள்.

முதல் 500 கி.மீ.யில் ஒருமுறை திறந்து எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்து, காலி செய்யும் இடைவெளியை அதை வைத்து முடிவு செய்யுங்கள். நிரம்பிய கேன் இல்லாத கேனைவிட மோசம். மொத்தமாக டர்போவுக்குள் போகும். மழைக்காலத்தில் ஏற்காட்டிலேயே குட்டிக்குட்டியாக ஓட்டினால் மோர் நிறத்தில் களி சேரும். ரேடியேட்டர் தண்ணீர் குறையவில்லை என்றால் ஹெட் கேஸ்கெட் என்று பயப்பட வேண்டாம், அது ஈரப்பதம்தான். வடித்ததை மறுபடி இன்ஜினில் ஊற்றக் கூடாது, சாக்கடையிலும் கொட்டக் கூடாது. பழைய ஆயில் எடுக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

ஆயிலைப் பொறுத்தவரை மேனுவலில் உள்ள கிரேடை மாற்றாதீர்கள். அதே கிரேடில் இரண்டு பிராண்டுகளில் எதை எடுப்பது என்றால் டேட்டா ஷீட்டில் நோவாக் எண்ணைப் பாருங்கள். 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் எத்தனை சதவீதம் ஆவியாகிறது என்பதே அது. 13-க்குக் கீழே இருந்தால் நல்லது. உள்ளே போகும் ஆயில் துளிகள் குறைந்த ஆர்பிஎம்மில் முன்கூட்டியே தீப்பற்றவும் காரணமாவதால், அதற்கான சோதனையையும் உள்ளடக்கிய ஏபிஐ எஸ்பி தரமாக இருக்கட்டும். வளைவு முடிந்ததும் மேல் கியரில் முழுதாக மிதிக்காமல், ஒரு கியர் குறைத்து ஏறுங்கள்.

இன்டர்கூலரில் இப்போது நிற்கும் ஆயிலை அப்படியே விட்டால், கோளாறு தீர்ந்த பிறகும் சில வாரம் புகை வந்து உங்களைக் குழப்பும். கழற்றி டிகிரீசரில் அலசி, முழுவதும் உலர்ந்த பின் மாட்டுங்கள். பெட்ரோல் ஊற்றிக் கழுவ வேண்டாம். பிறகு 1000 கி.மீ. ஓட்டி, ஆயில் எவ்வளவு குறைகிறது என்று மறுபடி அளந்து எழுதுங்கள்.