விலையைக் குறைக்காதீர்கள், படத்தைச் சிறிதாக்குங்கள்

ஏ3 தாளில் கலியாணச் சோடி ஒன்றைப் பென்சிலில் கீற 12,000 ரூபாய் கேட்டதற்கு, ஸ்டூடியோவில் போட்டோவை இதைவிட மலிவாகப் பெரிதாக்கலாமே என்று வாடிக்கையாளர்கள் 3,000க்கு இழுக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். குறைக்க வேண்டாம் தங்கச்சி. 16 மணித்தியால வேலை என்கிறீர்கள். அந்த 3,000இல் தாள், பென்சில், கீறியது கலையாமல் அடிக்கிற ஸ்பிரே எல்லாவற்றுக்கும் 1,000 போனால் மிச்சம் 2,000, அதாவது மணிக்கு 125 ரூபாய். திருகோணமலையில் இரண்டு நாள் வேலைக்கு அந்தக் காசைச் சொன்னால் எந்த மேசனும் சிரித்துவிட்டுப் போவார்!

காசு இல்லாதவர்களும் உண்மையாகவே ஆசையோடு கேட்பார்கள், சரி, அவர்களுக்கு அதே படத்தை மலிவாகக் கொடுக்காமல் ஏ4 தாளில் முகம் மட்டும் என்று ஒரு சின்ன வேலையைக் காட்டுங்கள். ஏ4 என்பது ஏ3இல் சரிபாதி, ஆனால் நேரம் பாதியாகாது, கண்ணும் வாயும் எந்த அளவிலும் பொறுமையைத் தின்னும், அதனால் தாளின் அளவை மட்டும் பார்த்து விலை போடாமல் ஒவ்வொரு முகத்துக்கும் தனியாகப் போடுங்கள். சேலைச் சரிகைக்கும் சேர்த்துத்தான்.

பாதிக் காசு கைக்கு வராமல் பென்சிலைத் தொடவே வேண்டாம். வாட்ஸ்அப்பில் வருகிற மங்கல் படத்தை வைத்துக் கீறினால் ‘முகம் ஒத்துவரவில்லை’ என்று அதற்கும் விலை குறைப்பார்கள், மூலப் படத்தையே கேளுங்கள். அப்புறம் சுற்றுலாச் சீசனில் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைப் பக்கம் வெள்ளைக்காரருக்கு ஒரு விலை, ஊராருக்கு ஒரு விலை என்று வைக்காதீர்கள், கதை பரவிவிடும். சொந்தக்காரர் கேட்டால்? ஒன்று அன்பளிப்பு, இல்லையென்றால் முழு விலை.