ஸ்போர்ட் மோடில் கூடுவது பிக்கப்பா, சத்தமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறேன். ஆறு சிலிண்டர் டர்போ பெட்ரோல் இன்ஜினும் எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கும் கொண்ட செடான் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கியிருக்கிறேன். கம்ஃபர்ட் மோடில் ஆக்சிலரேட்டரை மிதித்தால், யோசித்துவிட்டுத்தான் நகர்கிறது. ஸ்போர்ட்டில் சைலன்சர் வால்வு திறந்து சத்தம் மாறுகிறது. கால் பட்டதும் பாய்கிறது. பாலக்காட்டில் ஒரு மெக்கானிக், வால்வுக்குச் செல்லும் வேக்குவம் ஹோஸை (காற்றை உறிஞ்சி வால்வை இயக்கும் குழாயை) கழற்றிவிட்டால் எல்லா மோடிலும் இதே பிக்கப் கிடைக்கும் என்கிறார். எங்கள் ஊரில் பல ஆண்டுகள் பட்டறை நடத்திய பெரியவரோ, வால்வு திறந்தே இருந்தால் பேக் பிரஷர் (வெளியேறும் வாயுவுக்கு எழும் எதிர் அழுத்தம்) போய்விடும், நெல்லியாம்பதி ஏற்றத்தில் இழுவை குறையும் என்கிறார். யார் சொல்வது சரி? ஸ்போர்ட்டில் ஓட்டினால் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி வெட்டி வெட்டிப் போகிறது. அதற்கும் வழி சொல்லுங்கள்.

பதில்: இருவர் சொல்வதும் உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. ஸ்போர்ட் பொத்தானை ஒருமுறை அழுத்தும்போது ஐந்தாறு மாற்றங்கள் சேர்ந்து நிகழ்கின்றன. அவற்றுள் காதில் விழுவது வால்வு ஒன்றுதான் என்பதால், மற்றவை செய்யும் வேலைக்கும் பெயர் அதற்கே போய்விடுகிறது.

முதலில் ஆக்சிலரேட்டரைப் பார்ப்போம். அம்பாசடரிலும் பழைய மாருதி 800-லும் பெடலிலிருந்து ஒரு கேபிள் நேராகக் கார்புரேட்டருக்குச் சென்றது. கால் எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு த்ராட்டில் (இன்ஜினுக்குக் காற்று செல்லும் வழியில் உள்ள தகடு) திறந்தது. உங்கள் வண்டியில் அந்தக் கேபிள் இல்லை. பெடலில் உள்ள சென்சார்கள் காலின் நிலையை இன்ஜினின் கணினியான ஈசியூவுக்குத் தெரிவிக்கின்றன; ஓட்டுநர் எவ்வளவு டார்க் (முறுக்குவிசை) கேட்கிறார் என்று அது கணக்கிட்டு, ஒரு சிறு மோட்டாரின் மூலம் த்ராட்டில் தகட்டைத் திறக்கிறது. மோட் மாறும்போது மாறுவது இந்தக் கணக்குத்தான். புரிவதற்காக ஓர் எடுத்துக்காட்டு: பெடலை 30 சதவீதம் மிதித்தால், கம்ஃபர்ட்டில் 20 சதவீத டார்க் வேண்டும் என்றும், ஸ்போர்ட்டில் 45 சதவீதம் வேண்டும் என்றும் ஈசியூ பொருள் கொள்வதாக வைத்துக்கொள்ளுங்கள். கால் அதே அளவுதான் இறங்கியது, ஆனால் வண்டி பாய்கிறது. பெடலைத் தரையோடு மிதித்துவிட்டாலோ, பெரும்பாலான கார்களில் இரண்டு மோடுகளும் ஒரே சக்தியைத்தான் தருகின்றன. சில கார்களின் ஈக்கோ மோட் மட்டும் உச்சத்தையும் குறைக்கும். ஆகவே ஸ்போர்ட் மோட் இன்ஜினுக்குப் புதிதாகக் குதிரைத்திறன் எதையும் சேர்ப்பதில்லை. இருக்கும் சக்தியின் பெரும்பகுதியைப் பெடலின் முதல் பாதிக்குள் கொண்டுவந்து வைக்கிறது.

ஈசியூவில் இன்னொரு மாற்றமும் உண்டு. கால் திடீரென இறங்கினாலும் டார்க் ஒரே அடியாக ஏறிச் சக்கரங்களும் இன்ஜின் மவுண்டுகளும் குலுங்காதிருக்க, அந்த ஏற்றத்தைச் சற்று மழுங்கடிக்கும் ஒரு வடிகட்டல் அதில் இருக்கிறது; ஸ்போர்ட்டில் அது தளர்த்தப்படுகிறது. இவற்றைவிடப் பெரிய பங்கு கியர்பாக்ஸுக்கு உரியது. கம்ஃபர்ட்டில் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக அது கூடிய சீக்கிரம் மேல் கியருக்குப் போய், இன்ஜினை 1,500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) அளவில் வைத்திருக்கப் பார்க்கும். அந்நிலையில் வாளையார் சாலையில் ஒரு லாரியை முந்த நீங்கள் மிதித்தால், அது மூன்று நான்கு கியர் இறங்க வேண்டும். கழிவு வாயுவால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தரும் டர்போவும் அந்த நேரத்தில்தான் சுழல் வேகம் எடுக்கிறது. த்ராட்டில் தகடு திறப்பதற்கு ஏறத்தாழ பத்தில் ஒரு நொடி போதும். மற்ற இரண்டும் சேர்ந்து ஒரு நொடியையே விழுங்கிவிடலாம். 'யோசித்துவிட்டுத்தான் நகர்கிறது' என்று நீங்கள் எழுதியிருப்பது பெரும்பாலும் இந்தக் காத்திருப்பைத்தான். ஸ்போர்ட்டிலோ கியர்பாக்ஸ் முன்கூட்டியே கீழ்க் கியரைப் பிடித்து ஆர்பிஎம்மை உயரத்தில் வைத்திருப்பதால், கழிவு வாயு டர்போவுக்குப் போதிய அளவில் ஏற்கெனவே சென்றுகொண்டிருக்கிறது.

இனி வால்வு. டர்போ, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஆகியவற்றையெல்லாம் தாண்டி, பின்புறச் சைலன்சரிலோ அதன் வெளிக்குழாயிலோ இருக்கும் வட்டத் தகடு அது. மூடியிருக்கும்போது வாயு சைலன்சரின் நீண்ட, அடங்கிய வழியாகச் செல்லும்; திறந்தால் குறுக்கு வழியில் வெளியேறும். ஒரே கார் நகருக்குள் அமைதியாகவும், உயர் ஆர்பிஎம்மில் தடையின்றியும் ஓட வேண்டும் என்பதற்காகவே அதை வைத்தார்கள். தடை எப்போது உணரப்படும் என்பதை ஒரு கணக்கு காட்டும்: குழாயில் ஓட்டம் இரண்டு மடங்கானால், எதிர் அழுத்தம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. இதையே திருப்பிப் பார்த்தால், முழுச் சக்தியில் செல்லும் வாயுவில் பத்தில் ஒரு பங்கு மட்டும் ஓடும்போது, எதிர் அழுத்தம் நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. நீங்கள் பிக்கப்பை உணர்வது சிக்னலிலிருந்து கிளம்பும்போதும் அரைக்கால் மிதியிலும்தான். அப்போது ஓடும் சிறிதளவு வாயுவுக்கு, மூடிய வால்வு ஒரு பொருட்டே அல்ல. தடை உண்மையில் உறுத்தக்கூடிய முழு மிதியிலும் உயர் ஆர்பிஎம்மிலும், எந்த மோடில் இருந்தாலும் பெரும்பாலான வண்டிகளில் ஈசியூ தானாகவே வால்வைத் திறந்துவிடும். அதனால் பாலக்காட்டு மெக்கானிக்கின் யோசனை உங்களுக்குத் தரப்போவது சத்தத்தை மட்டுமே. காது ஏமாறுவது இயல்பு. பல கார்களில் ஸ்போர்ட் மோட் இன்ஜின் ஒலியை ஸ்பீக்கர் வழியாகவும் கூட்டித் தருகிறது என்பதே, உற்பத்தியாளர்கள் அதை நன்கு அறிந்திருக்கிறார்கள் என்பதற்குச் சான்று.

ஊர்ப் பெரியவரின் பேக் பிரஷர் கருத்தை நான் எளிதில் ஒதுக்க மாட்டேன். அது அனுபவத்தில் விளைந்தது, ஆனால் வேறோர் இன்ஜினின் அனுபவம். யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில், சைலன்சரின் வடிவமே திரும்பி வரும் அழுத்த அலையை உண்டாக்கி, வெளியே தப்பப் பார்க்கும் புதிய கலவையைச் சிலிண்டருக்குள் தள்ளியது. அதை வெட்டியவர்களின் வண்டிகள் சத்தம் போட்டனவே தவிர இழுக்கவில்லை. டர்போ இல்லாத ஃபோர் ஸ்ட்ரோக்கிலும் குழாயின் நீளமும் விட்டமும் முக்கியமானவை. ஆனால் அங்கும் உதவுவது வாயுவின் வேகமும் அலையின் நேரமுமே, தடை அல்ல. யமஹா 1980களில் எக்ஸப் என்ற பெயரில் பைக்குகளில் வைத்த எக்ஸாஸ்ட் வால்வு கீழ் ஆர்பிஎம் இழுவையை மெய்யாகவே கூட்டியது, ஏனெனில் அது அலைகள் பிறக்கும் இடத்துக்கு அருகில் அமைந்து, அவற்றின் மீதே வேலை செய்தது. உங்கள் வண்டியில் டர்பைன், அதாவது கழிவு வாயு சுழற்றும் டர்போவின் சக்கரம், அந்த அலைகளையெல்லாம் வழியிலேயே உடைத்துவிடுகிறது. டர்பைனைச் சுழற்றுவது அதன் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு என்பதால், பின்னால் அழுத்தம் குறைவது அதற்கு நல்லதே. ஆகவே வால்வு திறந்திருப்பதால் நெல்லியாம்பதியில் இழுவை குறையாது.

ஹோஸைக் கழற்ற வேண்டாம் என்பதற்குக் காரணங்கள் வேறு. பல கார்களில் வேக்குவம் இழுக்கும்போது வால்வு மூடும். இல்லாதபோது ஸ்பிரிங் அதைத் திறந்து வைக்கும். ஹோஸை அடைக்காமல் தொங்கவிட்டால், வால்வை மூட ஈசியூ முயலும்போதெல்லாம் அந்த வழியில் வேக்குவம் கசியும்; டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டும் அதே வேக்குவத்தில் இயங்கும் இன்ஜின்களில், உள்ள பிக்கப்பும் கெடலாம். நெடுஞ்சாலையில் 2,000 ஆர்பிஎம் அளவில் கேபினுக்குள் எழும் முழக்கம், திருச்சூர் போய்ச் சேர்வதற்குள் தலைவலியாகிவிடும். (குதிரான் சுரங்கப்பாதையில் ஒருமுறை கேட்டு மகிழ்வதற்கு ஸ்போர்ட் பொத்தானே போதும்.) சட்டமும் இருக்கிறது. ஒலி வரம்பை மீறும் வண்டியை ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதமும், மூன்று மாத உரிமத் தகுதியிழப்பும் வரலாம். உற்பத்தியாளரின் மூல அமைப்பிலிருந்து விலகும் மாற்றங்கள் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியதும் கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில்தான்.

நான் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. நீங்களே அளந்து பாருங்கள். வண்டியின் கணினித் தகவலைப் படிப்பதற்கான ஓபிடி சாக்கெட்டில் செருகும் ஒரு சிறிய ரீடரும் அதற்கான செயலியும் போதும். உங்கள் வண்டியில் இன்டிவிஜுவல் போன்ற தனித்தேர்வு மோட் இருந்து, அதில் இன்ஜினையும் சைலன்சரையும் பிரித்து அமைக்க முடிந்தால் வேலை எளிது. வாகனங்கள் இல்லாத விடியற்காலையில் நேரான சாலை ஒன்றில், கியரை மேனுவலில் மூன்றாவதில் நிறுத்தி, 2,000 ஆர்பிஎம்மிலிருந்து அதே அளவு மிதித்து, பெடல் நிலை, த்ராட்டில் நிலை, மேனிஃபோல்டு அழுத்தம் (இன்ஜினுக்குள் செல்லும் காற்றின் அழுத்தம்) மூன்றையும் பதிவுசெய்யுங்கள். முதலில் வால்வை மட்டும் மாற்றுங்கள், பிறகு இன்ஜின் அமைப்பை மட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி வீசும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே ஒவ்வொரு சோதனையையும் இரு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுங்கள். காரில் உடன் ஒருவர் இருந்து திரையைப் பார்க்கட்டும். நீங்கள் சாலையை மட்டும் பாருங்கள்.

கொண்டை ஊசி வளைவில் வண்டி வெட்டுவது மேற்சொன்ன பெடல் கணக்கின் மறுபக்கம். போத்துண்டியைத் தாண்டி ஏறும்போது சாலைக் குலுக்கலில் பாதம் அரை அங்குலம் அசைந்தால், ஸ்போர்ட் அதையும் கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. வளைவில் கியர்பாக்ஸ் முதல் கியருக்கு இறங்க, அதே கணத்தில் டர்போவும் அழுத்தம் ஏற்றினால், இரண்டும் சேர்ந்து வண்டியை உந்தித் தள்ளும். ஆகவே மலையில் இன்ஜினைக் கம்ஃபர்ட்டிலும் கியர்பாக்ஸை ஸ்போர்ட்டிலும் வையுங்கள். பிரித்து வைக்க முடியாத வண்டியென்றால் கம்ஃபர்ட்டிலேயே மேனுவலில் இரண்டாம் கியரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆர்பிஎம் உயரத்தில் நிற்பதால் காத்திருப்பு இராது, பெடலும் மென்மையாக இருக்கும். மேலே போகப் போகப் பிக்கப் சற்று மந்தமாவதாகத் தோன்றினால், அதுவும் கோளாறு அல்ல. 1,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு குறைகிறது. அதை ஈடுகட்ட டர்போ கூடுதலாகச் சுழல வேண்டியிருக்கிறது.

பழைய வண்டி என்பதால் வால்வு ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் சைலன்சருக்குள் தங்கும் நீராலும் கரியாலும் தகட்டின் அச்சு இறுகிவிடுவது உண்டு. திறந்தபடி இறுகினால் கம்ஃபர்ட்டிலும் முழக்கம் கேட்கும். மூடியபடி இறுகினால் மேல் ஆர்பிஎம்மில் இழுவை குறையும். அச்சு தேய்ந்திருந்தால் ஐடிலில் தகரம் ஆடுவது போன்ற ஓசை வரும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, வண்டிக்குப் பின்னால் ஒருவரை டார்ச்சுடன் நிறுத்தி, மோடை மாற்றி மாற்றிப் பாருங்கள். தகடு அசையவில்லை என்றால், அந்த மெக்கானிக்கிடம் ஹோஸைக் கழற்றச் சொல்வதற்குப் பதிலாக, அது வெடித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.