பழைய கல்வீட்டின் பாரம்பரிய மதிப்பு: விலை பேசுமுன் பார்க்க வேண்டியவை

கேள்வி: சிட்னியின் ரைடு பகுதியில் மணற்கல்லால் கட்டிய பழைய சிறு வீடு ஒன்றை வாங்க விரும்புகிறோம். 1840களில் கட்டியது என்றும், பாரம்பரியப் பட்டியலில் உள்ளது என்றும் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்காகப் பின்புறம் இரண்டு அறைகள் கூட்ட வேண்டும். ஏஜென்ட் அறிமுகப்படுத்திய ஒருவர், கட்டணம் கொடுத்தால் வீட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: வீட்டை வாங்கலாம், அந்த மனிதருக்கு மட்டும் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். உள்ளூர் கவுன்சிலின் நிலத் திட்டச் சட்டத்தில் பாரம்பரிய வீடுகளைப் பட்டியலிடும் ஐந்தாம் அட்டவணை என்று ஒன்று உண்டு; உங்கள் வீடு பெரும்பாலும் அதில்தான் இருக்கும். அதிலிருந்து ஒரு வீட்டை நீக்குவதென்றால் அந்தச் சட்டத்தையே திருத்த வேண்டும். அதற்கு முன்மொழிவு எழுதி, மாநில அரசின் அனுமதி பெற்று, பொதுமக்களின் கருத்தையும் கேட்டாக வேண்டும். இத்தனை பேர் கையில் இருக்கும் முடிவை ஒருவர் முன்கூட்டியே விற்கிறார் என்றால், அவர் விற்பது உங்கள் அவசரத்தைத்தான்.

முதலில், எந்தப் பட்டியல் என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். விற்பனை ஒப்பந்தத்துடன் 10.7 என்ற எண்ணுள்ள திட்டச் சான்றிதழ் இணைக்கப்பட்டிருக்கும். அந்த இடம் பாரம்பரியச் சின்னமா என்பது அதில் இருக்கும். நேஷனல் டிரஸ்ட் என்ற அரசு சாராப் பாரம்பரிய அமைப்பின் பதிவேட்டில் மட்டும் இருக்கும் வீட்டுக்குச் சட்டக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. மாநிலப் பாரம்பரியப் பதிவேட்டில் இருந்தால் 1977ஆம் ஆண்டின் பாரம்பரியச் சட்டப்படி மாநில அளவிலான ஹெரிடேஜ் கவுன்சிலின் ஒப்புதலும் வேண்டும். புறநகர்ச் சிறு வீடுகளில் பெரும்பாலானவை அந்த அளவுக்குப் போவதில்லை.

அடுத்ததாக, மாநிலப் பாரம்பரிய விவரத் தொகுப்பில் உங்கள் வீட்டுக்கான தாளை எடுத்துப் படியுங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். 'முக்கியத்துவம்' என்ற தலைப்பின்கீழ் உள்ள சில வரிகள்தான் உங்கள் வீட்டின் பாரம்பரிய மதிப்பு. வயது மட்டுமே மதிப்பாகிவிடாது. யார் கட்டினார்கள், யார் வாழ்ந்தார்கள், கல்வேலை எப்படிப்பட்டது, அந்த வட்டாரத்தில் அதுபோல எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்பவற்றை எடைபோட்டு எழுதியிருப்பார்கள். முன்புறக் கல்சுவரும் கூரையின் வடிவமும்தான் முக்கியம் என்று அந்தத் தாள் சொன்னால், பிற்காலத்தில் ஒட்டிக் கட்டிய பின்புறச் சமையலறையை எடுத்துவிட்டு, பழைய கூரை முகட்டைவிடத் தாழ்வாக அறைகள் கட்டுவதற்குக் கவுன்சில் பொதுவாக மறுப்பதில்லை. அப்படி எத்தனையோ வீடுகளுக்கு நானே வரைபடம் போட்டிருக்கிறேன். ஆனால், கவுன்சிலுக்குப் பதிலாகக் கட்டட அனுமதி தரும் தனியார் சான்றாளர் வழியாக விரைவில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பட்டியலில் உள்ள வீட்டுக்கு அந்தக் குறுக்குவழி கிடையாது.

'1840' என்ற விளம்பரத்தையும் அப்படியே நம்பாதீர்கள். நியூ சவுத் வேல்ஸில், அரசுப் பதிவேடே நில உரிமைக்குச் சான்றாகும் டோரன்ஸ் நிலப்பதிவு முறை 1863இல்தான் தொடங்கியது. வீடு அதற்கு முந்தையது என்றால் பழைய முறைப் பத்திரங்கள் எங்காவது இருக்க வேண்டும். உங்கள் சொலிசிட்டரிடம் (வழக்கறிஞரிடம்) தேடச் சொல்லுங்கள். சுவரே ஒரு சாட்சிதான். கற்களுக்கு இடையிலான சாந்தை உற்றுப் பாருங்கள். வெள்ளையாகச் சிப்பித் துண்டுகள் தெரிந்தால் நல்ல அறிகுறி. குடியேற்றத்தின் தொடக்கக் காலத்தில் சுண்ணாம்புக்கல் எளிதில் கிடைக்காததால், ஆதிக்குடிகள் தலைமுறை தலைமுறையாக உண்டு குவித்த சிப்பி மேடுகளை அள்ளிச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். நம் ஊர்க் கிளிஞ்சல் சுண்ணாம்பின் உறவுதான் அது.

அதே சாந்தில்தான் என்னை மிகவும் எரிச்சலூட்டும் கேடும் நடக்கிறது. விற்பதற்கு முன் வீடு 'பளிச்'சென்று தெரிய வேண்டும் என்று இடுக்குகளைச் சிமென்ட்டால் பூசிவிடுகிறார்கள். மணற்கல் சுவர் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சும். மென்மையான சுண்ணாம்புச் சாந்தின் வழியே அது வெளியேறும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட்டால் ஈரமும் உப்பும் கல்லின் வழியாகவே வெளியே வரும். பூசிய இடத்தை ஒட்டிய கல்லைக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள். சர்க்கரைபோல உதிர்ந்தால், கல்வேலைக்கான செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். அழுத்த நீரால் கழுவித் தருகிறேன் என்பவரையும், நீர்புகாப் பூச்சு அடிப்பவரையும் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

பழுதுபார்ப்பதற்கு ஒரு விலக்கு உண்டு. அதை எல்லோரும் பாதிதான் சொல்வார்கள். சிறு வேலை அல்லது பராமரிப்பு, வீட்டின் முக்கியத்துவத்துக்குப் பாதிப்பில்லாதது என்றால் முழு விண்ணப்பம் தேவையில்லை. மறைக்கப்படும் மறுபாதி இதுதான்: நீங்கள் கவுன்சிலுக்கு முதலில் தெரிவிக்க வேண்டும், வேலை தொடங்குமுன் அவர்கள் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். 'போனில் சரி என்றார்கள்' என்பது எழுத்து அல்ல. வேலை முடிந்தபின் வரும் கடிதமும் உதவாது. பதில் வரத் தாமதமானால், அந்த மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. தாமதம் ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஜன்னல் சட்டத்துக்காக உங்களை மாதக்கணக்கில் காக்கவைக்கும் இதே அமைப்பில்தான், சிட்னியின் பரமட்டா பகுதியில் பட்டியலிலிருந்த வில்லோ குரோவ் என்ற பழைய மாளிகையை, அருங்காட்சியகம் கட்டுவதற்காக 2021இல் மாநில அரசே பிரித்து அகற்றியது.

கடைசியாக, ஒப்பந்தம். ஏலத்தில் அல்லாமல் வாங்கினால் உங்களுக்கு ஐந்து வேலைநாள் மறுபரிசீலனைக் காலம் உண்டு. அதற்குள் விலகினால் விலையில் 0.25 விழுக்காட்டை மட்டும் இழப்பீர்கள். 'வேறொருவர் காத்திருக்கிறார், 66டபிள்யூ சான்றில் சொலிசிட்டரின் கையெழுத்து வாங்கி வாருங்கள்' என்று ஏஜென்ட் அவசரப்படுத்துவார். அந்தச் சான்று அந்த ஐந்து நாளையும் பறித்துவிடும். கவுன்சிலின் பாரம்பரிய ஆலோசகரைச் சந்தித்து, பின்புற அறைகளுக்கான ஒரு கைவரைபடத்தைக் காட்டி, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வரும்வரை அதில் கையெழுத்திடச் சம்மதிக்காதீர்கள்.