‘நானே பார்த்து முடிவு செய்கிறேன்’ என்று எழுதியது நீங்கள்தான்

கேள்வி (சுருக்கியது): இங்கிலாந்தின் போல்டனில் இருந்து எழுதுகிறேன். 1987இல் இங்கு வந்தபோது கூட வேலை பார்த்த ஆங்கிலேய நண்பர்தான் எனக்கு நார்தர்ன் சோல் என்கிற பழைய அமெரிக்கப் பாட்டுப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தார். பல வருடமாக நான் தேடிய ஒரு டெட்ராய்ட் 45 (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்ன இசைத்தட்டு) அவரிடம் இருந்தது. 2022 மார்ச்சில் அதை எனக்குக் கொடுத்தார். பதிலுக்கு நான் கொடுத்தது 42 ரெக்கார்டுகள் (இருவரும் பேசிப் போட்ட மதிப்பு 2,600 பவுண்டு), அதோடு ரொக்கம் 1,200 பவுண்டு. இந்த வருடம் விற்கலாம் என்று ஒரு டீலரிடம் காட்டினால், எழுபதுகளில் அனுமதியில்லாமல் அடித்த திருட்டுப் பிரதி, பூட்லெக் என்கிறார். நண்பரோ, ‘எனக்கென்ன தெரியும், நீதானே பார்த்து எடுத்தாய்’ என்கிறார். என் மகள் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மனிதர்! ஃபேஸ்புக் குழுவில் அவர் பெயரைப் போட்டு ‘மோசடிக்காரன்’ என்று எழுதிவிட்டேன். அசல் இன்று 9,000 பவுண்டு போகிறது. அந்தத் தொகைக்கு வழக்குப் போடலாமா? போலீஸுக்குப் போகலாமா? பெல்ஜியத்தில் ஒருவர் ‘இருக்கிறபடியே எடுத்துக்கொள்கிறேன்’ என்கிறார், கொடுத்துவிடட்டுமா?

பதில்: பதினோரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கல்யாணம், அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீங்கள் கொண்டுபோன சாப்பாடு, முப்பத்தைந்து வருடப் பழக்கம் எல்லாம் படித்தேன். வருத்தம் புரிகிறது. நீதிபதியிடம் இதில் ஒரு வரி கூடச் செல்லாது, ஒதுக்கிவைப்போம்.

எனக்கு வேண்டியது நீங்கள் இணைத்திருக்கும் வாட்ஸ்அப் படங்களில் இரண்டே செய்திகள். அவர் எழுதியது: ‘அசல்தான். 83இல் டெட்ராய்ட் போனபோது நானே ஒரு கிடங்கில் எடுத்தது.’ நீங்கள் எழுதியது: ‘சரி, கொண்டுவா. நானே பார்த்து முடிவு செய்கிறேன். இதில் உன்னைவிட எனக்குத்தான் அதிகம் தெரியும்.’ அப்புறம் விளக்கு வெளிச்சத்தில் இரண்டு மணிநேரம் லேபிளையும், ஊசி ஓடாத உள்வட்டத்தில் இருக்கும், எந்த அச்சில் அடித்தது என்று காட்டும் மேட்ரிக்ஸ் எண்ணையும் பார்த்திருக்கிறீர்கள். கடிதத்தில் அதைப் பெருமையாகவே எழுதியிருக்கிறீர்கள். எதிர்த்தரப்பு உங்கள் கடிதத்தைப் பார்த்தால் முதலில் அடிக்கோடு போடுவது அந்தப் பெருமைக்குத்தான்.

இரண்டு தனிநபர்களுக்கு இடையிலான கைமாற்றில் தரத்துக்குச் சட்டம் உத்தரவாதம் தருவதில்லை. கடையில் வாங்கும் நுகர்வோருக்கு உள்ள பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. சொன்ன வர்ணனைக்குப் பொருள் பொருந்த வேண்டும் என்ற விதி மட்டும் உண்டு. இது பாதி பண்டமாற்று என்பதால் 1979ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டமா, 1982ஆம் ஆண்டின் பொருள், சேவை வழங்கல் சட்டமா என்று வாதாடலாம். வர்ணனை விஷயத்தில் இரண்டும் கொண்டுபோய் விடும் இடம் ஒன்றே. ஆனால் அந்த வர்ணனையை நம்பித்தான் வாங்கினீர்களா என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு ஒரு பிரபலமான தீர்ப்பு உண்டு. ஜெர்மன் ஓவியர் கேப்ரியேல் முன்டர் வரைந்தது என்று சொல்லி ஒரு கலைக்கூடம் 6,000 பவுண்டுக்கு ஓர் ஓவியத்தை விற்றது. விற்றவர் தனக்கு அந்தத் துறை தெரியாது என்று வெளிப்படையாகச் சொன்னார். வாங்கியவர்கள் ஜெர்மன் எக்ஸ்பிரஷனிஸ ஓவியங்களிலேயே வியாபாரம் செய்பவர்கள். ஓவியம் போலி. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது, வாங்கியவர்கள் தோற்றார்கள். அவர்கள் நம்பியது தங்கள் கண்ணை, விற்றவரின் வார்த்தையை அல்ல என்பதுதான் பெரும்பான்மை நீதிபதிகளின் பார்வை. உங்கள் நண்பர் ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று அப்போது சொல்லவில்லை, அது உங்களுக்குக் கொஞ்சம் சாதகம். ஆனால் ‘உன்னைவிட எனக்குத்தான் தெரியும்’ என்று அவர் வேலையையும் சேர்த்து நீங்களே செய்துவிட்டீர்கள்.

இங்கே ஒரு துளை இருக்கிறது. ‘அசல்தான்’ என்பதை அபிப்பிராயம் என்று தள்ளிவிட முடியும். ‘83இல் டெட்ராய்ட்டில் நானே எடுத்தது’ என்பது நடந்ததாகச் சொல்லும் ஒரு சங்கதி. எவ்வளவு கூர்மையான கண்ணும் தட்டைப் பார்த்து அது எந்தக் கிடங்கில் இருந்து வந்தது என்று சொல்ல முடியாது. அந்த விஷயத்தில் நீங்கள் அவர் வார்த்தையைத்தான் நம்பியாக வேண்டும். உங்கள் ஏழாம் பக்கத்தில், கல்யாணச் சாப்பாட்டுக்கும் கோபத்துக்கும் நடுவில் ஒரு வரி கிடக்கிறது: ஏதோ ஒரு சோல் இரவில் அவர் அதே ரெக்கார்டை ‘விகன் கசினோவின் ரெக்கார்டு பாரில் வாங்கியது’ என்று சொன்னதாக ஞாபகம் என்கிறீர்கள். பெயர்தான் கசினோ, விகன் ஊரில் இரவு முழுக்க சோல் ஆட்டம் நடந்த மன்றம் அது. கசினோ 1981 டிசம்பரில் மூடப்பட்டது. 83இல் டெட்ராய்ட்டில் எடுத்த தட்டை அதற்கு முன்பே விகனில் வாங்கியிருக்க முடியாது. இரண்டு கதையில் ஒன்று பொய். டெட்ராய்ட் கதை பொய் என்றால் 1967ஆம் ஆண்டின் தவறான கூற்றுச் சட்டத்தின் கீழ் உங்களுக்கு வழக்கு இருக்கிறது. அன்று கூட இருந்து கேட்டவர் யார் என்று கண்டுபிடியுங்கள். உங்கள் ஞாபகம் மட்டும் போதாது. பதினோரு பக்கத்தில் வழக்கு என்று ஒன்று இருந்தால் அது இந்த ஒரு வரிதான்.

9,000 பவுண்டை மறந்துவிடுங்கள். நஷ்டத்தைக் கணக்கிடுவது கைமாறிய நாளின் மதிப்பில். அப்போது நீங்கள் கொடுத்தது மொத்தம் 3,800. பூட்லெக்குக்கு ஒரு இருபது பவுண்டு கழியுங்கள். இதுதான் உச்சவரம்பு. சிறு வழக்குப் பிரிவில் நடக்கும், தாக்கல் கட்டணம் 205 பவுண்டு. வென்றாலும் வக்கீல் கட்டணம் திரும்ப வராது. டீலர் வாயால் சொன்னது சாட்சி ஆகாது, நிபுணர் அறிக்கைக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும். ஆறு வருடக் காலவரம்பு 2028 மார்ச்சில் முடியும். போலீஸ்? அவருக்கு அப்போதே தெரியும் என்று காட்ட உங்களிடம் எதுவும் இல்லை. சிவில் விஷயம் என்று அனுப்பிவிடுவார்கள்.

இனி பெல்ஜியம். கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அங்கேதான்.

இந்தப் பொழுதுபோக்கைத் தெரியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. அறுபதுகளில் டெட்ராய்ட், சிகாகோ பக்கத்துச் சின்ன ரெக்கார்டு கம்பெனிகள் வெளியிட்டு விற்காமல் போன வேகமான சோல் பாட்டுகளை, வட இங்கிலாந்துப் பிள்ளைகள் இரவு முழுக்க ஆடுவதற்காகத் தேடிப் பிடித்தார்கள். விற்காததால்தான் அரிது, அரிது என்பதால்தான் விலை. 1965இல் ஃபிராங்க் வில்சன் பாடிய ஒரு மோட்டவுன் (டெட்ராய்ட்டின் பெரிய ரெக்கார்டு கம்பெனி) சிங்கிளின் பிரதி 2020இல் ஒரு லட்சம் பவுண்டுக்குப் போனது. மற்ற டிஜேக்கள் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று லேபிள் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, பாடகருக்குப் பொய்ப் பெயர் வைத்து ஓட்டிய உலகம் இது. கிராக்கி வந்ததும் எழுபதுகளிலேயே பூட்லெக் அடித்துவிட்டார்கள். அந்தப் போலிக்கே இப்போது ஐம்பது வயது. அதற்கும் கீறல் உண்டு, மங்கிய லேபிள் உண்டு. நாலு நல்ல மனிதர்கள் நம்பிக்கையோடு கைமாற்றியிருக்கலாம். உங்கள் நண்பரும் அதில் ஒருவராக இருக்கலாம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

நம்பிக்கையோடு கைமாற்றுவது ஒன்று, தெரிந்துகொண்டு கைமாற்றுவது வேறு. டீலர் சொன்ன நாளில் இருந்து உங்களுக்குத் தெரியும். ‘இருக்கிறபடியே’ என்ற சொல் காப்பாற்றும் என்று நினைக்கிறீர்கள். அசல் என்று அவர் நினைத்து அசல் விலையைக் கொடுக்கிறார், நீங்கள் அசல் போலவே தெரியும் லேபிளின் படத்தை அனுப்பி வாயை மூடிக்கொள்கிறீர்கள் என்றால், 2006ஆம் ஆண்டின் மோசடிச் சட்டம் உள்ளே வரும். பொய்யை வாயால் சொல்ல வேண்டும் என்பதில்லை, செய்கையால் உணர்த்தினாலும் போதும். உச்சத் தண்டனை பத்து வருடச் சிறை.

என்னிடம் வந்த ஒருவரின் கதை இது (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன், பொருள் ரெக்கார்டு அல்ல). போலி என்று தெரிந்ததும் தனக்கு விற்றவருக்குக் காரசாரமாக மின்னஞ்சல் எழுதினார்: ‘நீ கொடுத்தது போலி, நிரூபணம் இருக்கிறது.’ பணம் வரவில்லை. மூன்று மாதம் கழித்து மனம் சலித்து அதே பொருளை ‘பார்த்து வாங்கிக்கொள்ளவும்’ என்று போட்டு விற்றுவிட்டார். வாங்கியவர் கண்டுபிடித்தார், முன்பு விற்றவரைத் தேடிப் போனார். அந்த மனிதர் சந்தோஷமாக அந்த மின்னஞ்சலை எடுத்துக் கொடுத்தார். என் கட்சிக்காரர் தன் வழக்குக்காகச் சேர்த்த ஆதாரமே, அவருக்கு எப்போது தெரியும் என்பதற்குத் தேதியோடு சாட்சி ஆனது. வாங்கிய பணம், வட்டி, செலவு எல்லாம் கட்டி, போலீஸ் வராமல் முடித்ததே பெரிய காரியம். உங்களுடைய ஆதாரமோ ஒரு குழுவே படிக்கும்படி ஃபேஸ்புக்கில் கிடக்கிறது. ஆதலால் பெல்ஜியத்துக்காரரிடம் முடியாது என்று சொல்லுங்கள். காரணத்தையும் எழுத்தில் சொல்லுங்கள். தட்டை உறையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள்.

இன்னொன்று. வருடத்துக்கு அறுபது எழுபது ரெக்கார்டு ஆன்லைனில் விற்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சொந்தச் சேகரிப்பைக் கரைப்பது வேறு, விற்பதற்கென்றே வாங்குவது வேறு. உங்கள் வாக்குமூலத்தில் ‘பதினைந்து வருடமாக வாங்கி விற்கிறேன்’ என்று எழுதிப் பாருங்கள். நீதிபதிக்கு நீங்கள் நிபுணர், வரித்துறைக்கு நீங்கள் வியாபாரி. வியாபார வருமானத்தில் 1,000 பவுண்டு வரைதான் விலக்கு. 2024 முதல் வருடத்தில் 30 விற்பனையைத் தொட்டவர்களின் விவரத்தை ஆன்லைன் தளங்களே வரித்துறைக்குக் கொடுக்கின்றன. விற்பனைப் பக்கத்தை அச்சடித்துக் கொண்டுவர உங்கள் நண்பருக்கு ஐந்து நிமிடம் போதும். கணக்கைச் சரிசெய்யாமல் நீதிமன்றப் படி ஏறாதீர்கள்.

ஃபேஸ்புக் பதிவை இன்றைக்கே எடுங்கள். ‘அவரிடம் வாங்கியது பூட்லெக்’ என்பதை நிரூபிக்க முடியும். ‘மோசடிக்காரன்’ என்பதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். அவதூறு வழக்கு சிறு வழக்குப் பிரிவுக்கு வராது. அங்கே தோற்றால் செலவுத் தொகையைப் பார்த்து 3,800 சில்லறை என்று தோன்றும். அதைப் போட அவருக்கு ஒரு வருடம் அவகாசம் உண்டு.

சரி, என்ன செய்வது? சமரசம்தான். எப்படியும் வழக்குப் போட்டால் இப்போதெல்லாம் 10,000 பவுண்டுக்கு உட்பட்டவற்றில் ஒரு மணிநேரத் தொலைபேசி மத்தியஸ்தம் கட்டாயம். அங்கே பேசப்போவதை 205 பவுண்டு கட்டாமல் இப்போதே பேசலாம். நீங்கள் கொடுத்த 42இல் 17 இன்னும் அவர் அலமாரியில் இருக்கிறது என்கிறீர்கள். அந்தப் பதினேழையும் அதோடு 600 பவுண்டையும் கேளுங்கள். 400 வரை இறங்கலாம். கடிதத்தின் தலையில் ‘வித்தவுட் பிரெஜுடிஸ்’ என்று போடுங்கள், பேரம் படியாவிட்டால் அதை நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகக் காட்ட முடியாது. டெட்ராய்ட், விகன் இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே ஒரு வரி எழுதுங்கள், குற்றம் சாட்ட வேண்டாம். படித்ததும் அவருக்குப் புரியும். ஒத்துக்கொண்டால் இறுதித் தீர்வு என்று ஒரு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஃபேஸ்புக் விஷயமும் அத்தோடு முடிந்தது என்பதை அதில் சேர்க்க மறக்காதீர்கள். கேட்பார் என்றால் பூட்லெக்கைத் திருப்பிக் கொடுங்கள். கொடுக்கும் முன் இரண்டு பக்க லேபிளையும் மேட்ரிக்ஸ் எண்ணையும் படம் எடுத்து வையுங்கள்.